ஸ்கூட்டர் வேலையில் நேரத்தை மிச்சப்படுத்தும் டூல்கள்: எதை முதலில் வாங்கலாம்?

ஈரோடு வாரக்கடைசி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் இரண்டு வண்டி இருக்கிறது, 2016 ஆக்டிவா ஒன்று, தங்கையின் ஜூபிடர் ஒன்று. ஆயில், ஏர் ஃபில்டர், பிளக், பிரேக் ஷூ வரைக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன், அடுத்து பெல்ட்டும் ரோலரும் மாற்ற வேண்டும். வேலை புரியாமல் இல்லை, எனக்கு நேரம்தான் பிரச்சினை. ஞாயிறு காலையில் உட்கார்ந்தால் கவரைக் கழற்றி மாட்டுவதற்கே மதியம் ஆகிவிடுகிறது, உண்மையான வேலை அரை மணி நேரம்கூட இருக்காது. கையில் இருப்பது வண்டியோடு வந்த டூல் கிட், ஒரு சாதாரண ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், இரண்டு திருப்புளி, அவ்வளவுதான். 5,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். வீடியோக்களில் எல்லோரும் பேட்டரியில் ஓடி நட்டை அடித்து அடித்துத் திருகும் இம்பாக்ட் ரெஞ்ச் வைத்துத்தான் செய்கிறார்கள், முதலில் அதையே வாங்கிவிடலாமா?

சிங்காநல்லூர் பட்டறை

தம்பி, இம்பாக்ட் ரெஞ்ச் இப்போது வேண்டாம். நேரம் எங்கே போகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், கவரில் போகிறது. ஸ்கூட்டரில் இம்பாக்ட் ரெஞ்ச் கேட்கும் நட்டுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்: வேரியேட்டர் (பெல்ட் ஓடும் முன் புல்லி) நட், கிளட்ச் அவுட்டர் நட், பின் சக்கர நட், அப்புறம் மேக்னட் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) நட். மற்றதெல்லாம் 8, 10, 12 அளவு சின்ன போல்ட்டும் பிளாஸ்டிக் கவரைப் பிடித்திருக்கும் ஸ்குருவும்தான். அந்தச் சின்னதுகளை வேகமாக, தலையைக் கெடுக்காமல் கழற்ற என்ன வேண்டுமோ அதை முதலில் வாங்குங்கள்.

என் கணக்கில் முதல் இடம் டி ஸ்பேனருக்கு, அதாவது ஆங்கில டி எழுத்து (T) வடிவில் இருப்பதற்கு. 8, 10, 12 மூன்றும் போதும், 14 இருந்தால் நல்லது. ராட்செட்டை ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும், டி ஸ்பேனரில் முதல் திருகுக்கு மட்டும் இரண்டு கை, லூசான பிறகு கம்பியை விரலில் சுழற்றிவிட்டால் போல்ட் தானாக வெளியே வந்துவிடும். பெல்ட் கேஸ் கவரில் சுற்றிலும் இருக்கும் போல்ட்டுகளை இதில் கழற்றிப் பாருங்கள், ராட்செட்டை மறுபடி தேட மாட்டீர்கள். வாங்கும்போது கம்பி நீளமாகவும் சாக்கெட் வாய் மெல்லியதாகவும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வாய் தடித்திருந்தால் கவரின் குழிக்குள் இருக்கும் போல்ட்டில் இறங்காது. தபாரியா போன்ற கம்பெனி டூல் எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், பேர் இல்லாத செட்டில் வாய் சீக்கிரம் விரிந்துவிடும்.

இரண்டாவது திருப்புளி. இதை யாரும் டூலாகவே மதிப்பதில்லை, ஆனால் ஸ்கூட்டரில் அதிக நேரத்தைத் தின்பது ஸ்லிப் ஆன ஸ்டார் ஸ்குருதான். ஜப்பானிய வடிவமைப்பில் வரும் வண்டிகளில் ஸ்குரு தலையின் குழி ஜே.ஐ.எஸ் என்ற ஜப்பான் தொழில் தர அளவில் இருக்கும், பல ஸ்குருக்களில் அடையாளத்துக்குத் தலையில் ஒரு சின்னப் புள்ளிகூட வைத்திருப்பார்கள். நம் கையில் இருக்கும் சாதாரண பிலிப்ஸ் முனை அந்தக் குழியில் முழுசாக இறங்காது, அழுத்தித் திருகினால் மேலே எகிறி வரும், வரும்போது குழியின் சுவரையும் வழித்துக்கொண்டு வரும். ஜே.ஐ.எஸ் முனை இறுக்கமாக உட்காரும். 2-ஆம் நம்பர் ஒன்று, 3-ஆம் நம்பர் ஒன்று, இரண்டும் இருந்தால் ஸ்கூட்டர் முழுக்கப் பார்த்துவிடலாம். வெசல் என்ற ஜப்பான் கம்பெனியின் திருப்புளி ஆன்லைனில் கிடைக்கிறது, விலை கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் நான் அதைத்தான் சொல்வேன். முன் டிஸ்க் பிரேக் இருக்கும் வண்டியில் ஹேண்டில் பக்கத்தில் பிரேக் ஆயில் டப்பா மூடியில் இரண்டு சின்ன ஸ்குரு இருக்கும் பாருங்கள், தவறான திருப்புளி வைத்தால் முதலில் போவது அதுதான். அது போய்விட்டால் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அரை நாள் அதற்கே சரி.

மூன்றாவது, கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர். பேட்டரி வகை இல்லை, சுத்தியலால் பின்னால் தட்டினால் அந்த அடியிலேயே முனை அழுந்திக்கொண்டு கொஞ்சம் திரும்பும், அந்தப் பழைய டூல். ரொம்ப மலிவு. துருப்பிடித்த ஸ்குருவுக்கு இதற்கு மேல் வேறு வழி நான் பார்த்ததில்லை. திருகும் திசையைச் சரியாக வைத்திருக்கிறோமா என்று அடிப்பதற்கு முன் பாருங்கள்.

துறையூர் காற்று

பட்டறை அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இம்பாக்ட் ரெஞ்சை இவ்வளவு ஒதுக்கக்கூடாது. வேரியேட்டர் நட்டைக் கழற்றப் புல்லியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடிக்க ஹோல்டர் வேண்டும், அதை ஒருவர் பிடிக்க வேண்டும், இன்னொருவர் நீளமான பார் போட்டுத் திருக வேண்டும். தனி ஆளுக்கு அது முடியாத வேலை. இம்பாக்டில் இரண்டு நொடி. பின் சக்கர நட்டும் அப்படித்தான், ஆக்டிவாவில் சைலென்சரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்துக்கு வந்தால் நட் பிடித்துக்கொண்டு அசையாது, அந்த நேரத்தில் இம்பாக்ட் கையில் இருந்தால் தெரியும் அதன் அருமை. என்னிடம் 20 வோல்ட் பேட்டரி உள்ளது இருக்கிறது, வீட்டில் கார் சக்கரத்துக்கும் அதுவே உதவுகிறது. சாதாரண குரோம் சாக்கெட்டை மட்டும் அதில் போட வேண்டாம், உடைந்து தெறிக்கும். கறுப்பாக வரும் இம்பாக்ட் சாக்கெட் தனியாக வாங்க வேண்டும்.

சிங்காநல்லூர் பட்டறை

கழற்றுவதற்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. என் பட்டறையிலும் காற்றில் ஓடும் இம்பாக்ட் இருக்கிறது, தினமும் ஓடுகிறது. நான் பயப்படுவது மாட்டும்போது. பெல்ட் வேலையில் புதிதாக இறங்கப் போகிறவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முன் புல்லியில் இரண்டு தட்டு. உள்தட்டு ரோலரோடு நகரும், வெளித்தட்டு கிராங்க் முனையில் பல் வெட்டிய இடத்தில் உட்கார்ந்து, நடுவில் இருக்கும் புஷ்ஷோடு ஒட்டி நிற்க வேண்டும், அதன் மேல் நட். புது பெல்ட் போடும்போது பின் புல்லியை விரித்து பெல்ட்டை அங்கே ஆழமாக இறக்கவில்லை என்றால் முன்பக்கம் பெல்ட் தொய்வில்லாமல் விறைப்பாக இருக்கும், அது இரண்டு தட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெளித்தட்டை உள்ளே போகவிடாது. அந்த நிலையில் இம்பாக்டை வைத்து அழுத்தினால் நட் இறுகிவிட்டது போலத்தான் தெரியும், சத்தமும் அப்படியே வரும். உண்மையில் அது பெல்ட்டைத்தான் கவ்விக்கொண்டு நிற்கிறது. வண்டி ஸ்டார்ட் ஆகி பெல்ட் தன் இடத்துக்குப் போனதும் நட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி வந்துவிடும், தட்டு ஆட ஆரம்பிக்கும், கொஞ்ச நாளில் கிராங்க் முனையின் பல்லையே தின்றுவிடும். அப்புறம் கிராங்க் மாற்ற வேண்டும், அதாவது என்ஜினையே பிரிக்க வேண்டும். இப்படிப் பல் போன வண்டிகள் பட்டறைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதைத் தவிர்க்கப் பெரிய டூல் எதுவும் வேண்டாம். பின் புல்லித் தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி விரித்து பெல்ட்டை உள்ளே ஆழமாக இறக்குங்கள், இறங்கியதும் பின் புல்லிக்கு முன்னால் பெல்ட்டின் மேல் ஓட்டத்தையும் கீழ் ஓட்டத்தையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிவிடுங்கள். பெல்ட் வெளியே வராமல் அங்கேயே நிற்கும், முன்பக்கம் தாராளமாகத் தொய்வு கிடைக்கும். வெளித்தட்டைப் போட்டு நட்டைக் கையால் கடைசி வரைக்கும் ஓட்டுங்கள். கையாலேயே தட்டு புஷ்ஷில் முட்டும் வரை போக வேண்டும். அதற்குப் பிறகுதான் ரெஞ்ச். இறுக்கி முடித்ததும் முன்பக்கப் பெல்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள், லூசாக ஆட வேண்டும். ஆடினால் டேக்கை வெட்டி எடுத்துவிட்டு, புல்லியைக் கையால் சுற்றிச் சுற்றி பெல்ட்டை அதன் இடத்துக்கு ஏற்றுங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். புல்லித் தட்டில் கிரீஸ், ஆயில் எதுவும் படக்கூடாது, கை ரேகையைக்கூட பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

தனி ஆள் எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு: யுனிவர்சல் ஹோல்டர் என்று கேட்டால் தருவார்கள், இரண்டு நீளக் கைகள், முனையில் இரண்டு கொக்கி. கடையில் வாங்க வேண்டாம் என்றால் லேத் பட்டறையில் பட்டைக் கம்பியில் வெட்டி வெல்டு வைத்துக் கொடுப்பார்கள். கைப்பிடியை நீளமாகச் செய்யச் சொல்லுங்கள், தரையில் ஊன்றி நின்றுகொள்ளும் அளவுக்கு. தரையே பிடித்துக்கொள்ளும், உங்கள் இரண்டு கையும் ரெஞ்சுக்கு மிச்சம். புல்லியின் காற்றுச் சிறகுக்குள் திருப்புளியைச் செருகிப் பிடிக்கும் வேலை மட்டும் வேண்டாம், சிறகு உடையும்.

பழைய சேடக், மதுரை

எல்லோரும் பெல்ட் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், கியர் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். சேடக், எல்.எம்.எல் வெஸ்பா இரண்டிலும் கை வைக்கிறவன் நான். இதில் ஒரு வசதி, இரண்டு பக்கப் பானெட்டும் கையாலேயே கழன்றுவிடும், கவரில் நேரம் போகாது. சக்கரத்துக்கு 13-ஆம் நம்பர் ஒன்று போதும், டிரம்மிலிருந்து ரிம்மைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டினால் வேலை முடிந்தது. ரிம் இரண்டு பாதியாகப் பிரியும் என்பதால் டயர் லீவர்கூடத் தேவைப்படாது. ஆனால் டியூபில் காற்றை முழுக்க இறக்காமல் ரிம் நட்டைத் தொடக்கூடாது, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

நேரம் போவது கேபிளில். கிளட்ச் கேபிள், பின் பிரேக் கேபிள் இரண்டையும் ஒரு கையால் இழுத்துப் பிடித்து, இன்னொரு கையால் கேபிள் முனையைப் பூட்டும் நிப்பிளை இறுக்க வேண்டும், அதற்குள் கேபிள் நழுவிவிடும். சைக்கிள் கடைக்காரர்களிடம் கேபிளை இழுத்துக் கவ்வி அப்படியே பூட்டிக்கொள்ளும் பிளேயர் ஒன்று இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அழுத்தலில் கேபிள் விறைப்பாக நிற்கும், இரண்டு கையும் காலி. சேடக் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நேரம் மிச்சம் செய்யும் டூல் வேறு இல்லை என்பது என் கருத்து. பழைய உள்கேபிளை உருவும்போது அதன் முனையில் மெல்லிய பைண்டிங் கம்பியைக் கட்டி உருவினால் கம்பி உள்ளே தங்கும், புது கேபிளை அதே வழியில் இழுத்துவிடலாம்.

அப்புறம் இந்த வண்டிகளுக்கென்றே உள்ள மூன்று டூல்: மேக்னட் புல்லர், கிளட்ச் நட்டுக்குப் பல் வெட்டிய சாக்கெட், பெட்ரோல் டேப்பை டாங்கிக்குள்ளிருந்து கழற்றும் நீளமான ஸ்பேனர். வேறு எதை வைத்து முயன்றாலும் ஏதாவது ஒன்று உடையும். கிராங்க் சுற்றாமல் நிறுத்த, பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, பிஸ்டன் கயிற்றை அழுத்தி நிற்கும் வரை மேக்னட்டைச் சுற்றினால் போதும். கயிற்றின் நுனி வெளியே இருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்பதால் தைரியமாகச் செய்யலாம், பிஸ்டன் மேலே வரும்போது எக்ஸாஸ்ட் போர்ட்டைத் தாண்டிய பிறகு கயிறு விட்டால் போர்ட்டில் கயிறு மாட்டாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு இருப்பதால் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் இருக்கிறதா என்று பார்க்காமல் செய்யவே கூடாது.

புல்லர் சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கேட்டுப் பாருங்கள். மரை அளவு மாடலுக்கு மாடல் மாறும், பழைய மேக்னட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது.

ஈரோடு வாரக்கடைசி

பட்டறை அண்ணா, பெல்ட் விஷயம் இவ்வளவு தெளிவாக எங்கும் படித்ததில்லை, நன்றி. இரண்டு கேள்வி. டார்க் ரெஞ்ச், அதாவது குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ரெஞ்ச், தேவையா, அது நேரத்தை மிச்சப்படுத்துமா? பிளக் கழற்றுவது எனக்கு ஒவ்வொரு முறையும் பெரிய பாடாக இருக்கிறது, டூல் கிட்டில் வந்த குழாய் ஸ்பேனர் கவரில் முட்டுகிறது, அதற்கு என்ன வழி?

சிங்காநல்லூர் பட்டறை

பிளக் முதலில். உங்கள் இரண்டு வண்டியிலும் இருக்கும் வகைக்கு, அதாவது 10 எம்.எம். மரை உள்ள சின்னப் பிளக்குக்கு, 16 அளவு பிளக் சாக்கெட் வேண்டும். உள்ளே ரப்பரோ காந்தமோ இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், பிளக்கைக் கவ்விக்கொண்டு வெளியே எடுத்து வரும். சேடக் மாதிரி பழைய வண்டிக்கு 21. அதோடு ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன், ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். ஜாயின்ட் வைத்தால் கவருக்குப் பக்கவாட்டிலிருந்து சாய்த்துத் திருக முடியும். மாட்டும்போது ஜாயின்ட்டும் ராட்செட்டும் வேண்டாம், பெட்ரோல் ஹோஸ் துண்டு ஒன்றைப் பிளக்கின் பின்பக்கம் செருகி அதை விரலால் சுற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிவிடும், சிலிண்டர் ஹெட்டின் மரை பிழைத்துக்கொள்ளும். எந்தக் கடையிலும் இதற்கு ஈடான டூல் கிடையாது.

டார்க் ரெஞ்ச் வேலை நடக்கும் நேரத்தைக் கூட்டும், வேலை கெட்டுத் திரும்பச் செய்யும் நேரத்தைக் குறைக்கும். ஸ்கூட்டர் என்ஜின் அலுமினியம், அதில் ஏறுவது 6 எம்.எம். போல்ட், அதற்கு 10 நியூட்டன் மீட்டர் பக்கத்தில்தான் இறுக்கம். புதிதாகச் செய்கிறவர்களின் கை அதை எளிதாகத் தாண்டிவிடும். மரை உருண்டு வந்தால் ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதில் செருகும் கம்பிச்சுருள்) போட வேண்டும், அது ஒரு முழு நாள் வேலை. ஆனால் ஒரே டார்க் ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் ஆகாது. அரை இன்ச் டிரைவில் வரும் பெரியது இவ்வளவு சின்ன அளவில் நம்பகமாக இருக்காது, 5 முதல் 25 வரைக்கும் காட்டும் சின்னது தனி. இப்போது ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெரியதை வாங்குங்கள், வேரியேட்டர் நட், கிளட்ச் நட், பின் சக்கர நட்டுக்கு வேண்டும். 6 எம்.எம். போல்ட்டுக்கு டி ஸ்பேனரின் கம்பியை இரண்டு விரலில் பிடித்து இறுக்கும் பழக்கம் போதும், முழங்கை பலம் போகவே கூடாது. வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்சை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள்.

இரண்டு வண்டிக்கும் சர்வீஸ் மேனுவல் தேடி எடுத்து, இந்த நாலைந்து நட்டின் அளவை ஒரு தாளில் எழுதி டூல் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கிரீஸ் கையோடு போனில் தேடுவதும் நேரம்தான்.

நல்லூர் டியோ

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே டியோவும் என்டார்க்கும் தெருவுக்குத் தெரு இருக்குது, கராஜ்காரர்கள் செய்யும் ஒரு முறையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது. பெரிய கார்ட்போர்ட் மட்டை ஒன்றில் பெல்ட் கவரின் வடிவத்தைப் பேனையால் வரைந்து, கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்திலேயே மட்டையில் குத்தி வைப்பார்கள். கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை, நீளமானதைக் குறுகிய துளையில் விட்டு இறுக்கினால் கவர் இறுகாது அல்லது உள்ளே எதையாவது இடிக்கும். மட்டையில் இருந்தால் யோசிக்கவே தேவையில்லை. பாடி கவருக்கும் இதே மாதிரி இன்னொரு மட்டை. என்னுடையதைப் போன வேலைக்குப் பிறகு எறியாமல் வைத்திருக்கிறேன், போல்ட் நீளத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

டூல் என்று கேட்டால் காந்தம் வைத்த இரும்புக் கிண்ணமும், நீட்டி மடக்கும் காந்தக் கம்பியும். ஸ்கூட்டரில் ஒரு ஸ்குரு கை தவறினால் தரைக்கு வராது, என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் எங்காவது போய் இருக்கும். அடுத்தது கிளிப் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பு. திருப்புளியால் நெம்பினால் கவரின் நாக்கு உடையும், உடைந்த நாக்குதான் பிறகு ஓடும்போது கடகடவென்று சத்தம் போடுகிறது.

ரயர் பற்றியும் ஒன்று. ரியூப் இல்லாத ரயருக்குப் புழு மாதிரி ரப்பர் வைக்கும் கிட்டும், பற்றரியில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் மெஷினும் சீற்றுக்குக் கீழே வைத்திருந்தால் சில்லை, அதுதான் சக்கரத்தை, கழற்றும் வேலையே பெரும்பாலும் வராது. கராஜ் வேலையில் அதிக நேரம் எடுப்பது பின் சில்லுத்தானே.

சிங்காநல்லூர் பட்டறை

மட்டை முறை அருமை, என் பட்டறைப் பையன்களுக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது அதுதான். காற்று மெஷின் பேச்சு வந்ததால் சொல்கிறேன், ஆக்டிவாவுக்கு முன்னால் 22 பி.எஸ்.ஐ., பின்னால் தனி ஆளுக்கு 29, இரண்டு பேருக்கு 36. கடையில் கேட்காமலே எல்லாவற்றுக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள், வீட்டிலேயே மெஷின் இருந்தால் அந்தக் குழப்பம் இல்லை.

மீட்டர் கை

மெக்கானிக்கல் டூல் எல்லாம் வந்துவிட்டது, எலெக்ட்ரிக்கலை யாரும் தொடவில்லை. ஓசூர்ப் பக்கம் வயரிங் வேலை மட்டும் பார்க்கிறேன், என் அனுபவத்தில் ஸ்கூட்டர் உரிமையாளர்கள் பணத்தையும் நேரத்தையும் அதிகம் வீணாக்குவது சோதிக்காமல் பார்ட் மாற்றுவதில். செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரி, அதுவும் இல்லை என்றால் ரிலே, அப்புறம் மோட்டார் என்று வரிசையாக வாங்கிப் போட்டுக்கொண்டே போவார்கள். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

வண்டியை ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் பேட்டரியில் மீட்டர் வையுங்கள், 12.6 வோல்ட் பக்கத்தில் இருந்தால் நல்லது, 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை அல்லது பேட்டரி போய்விட்டது. மீட்டரை எடுக்காமலே செல்ஃப் பட்டனை அழுத்துங்கள், 12.6 காட்டிய பேட்டரி அழுத்தியதும் 9-க்குக் கீழே விழுந்தால் உள்ளே பலம் இல்லை. ஸ்டார்ட் ஆன பிறகு கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பாருங்கள், பதின்மூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் நிற்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோ மேக்னட் காயிலோ, 15-ஐத் தாண்டினாலும் ரெகுலேட்டர்தான், அப்படியே ஓட்டினால் புது பேட்டரியையும் கொன்றுவிடும். இந்த மூன்று சோதனைக்கும் சீட்டைத் திறப்பதற்கோ பேட்டரி மூடியைக் கழற்றுவதற்கோ ஆகும் நேரம்தான்.

டெஸ்ட் லேம்ப் நீங்களே செய்துகொள்ளலாம், இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இரண்டு வயர், ஒரு முனையில் முதலைக் கிளிப், மறு முனையில் ஊசி. ஹாரன், லைட், பிரேக் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் மீட்டரைவிட இது வேகம், ஏனென்றால் பல்பு கரண்டை இழுத்துப் பார்க்கும். வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், பல்பு எரியாது. ஆனால் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஈ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), சென்சார் வயர்களில் இந்த பல்பை வைக்கவே கூடாது, அங்கே மீட்டர் மட்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு வாங்கிய வண்டி என்றால் ஸ்பீடோமீட்டரில் என்ஜின் விளக்கு இருக்கும். எரிந்தால் பயந்துகொண்டு எதையும் பிடுங்க வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பல வண்டிகளில் சிவப்பு நிற 6 பின் சாக்கெட் இருக்கிறது, அதற்கு ஒரு மாற்று வயரும் காருக்குப் போடும் ப்ளூடூத் ஓ.பி.டி. (கோளாறு காட்டும்) ஸ்கேனரும் இருந்தால் போனிலேயே கோளாறு எண்ணைப் படிக்கலாம். ஹோண்டாவில் ஸ்கேனர் இல்லாமலே, டயக்னாஸ்டிக் கனெக்டரில் குறிப்பிட்ட இரண்டு பின்னை இணைத்து விளக்கு மின்னுவதை எண்ணலாம், நீளமான மின்னல் ஒன்றுக்குப் பத்து, குட்டைக்கு ஒன்று. எந்த பின் என்பதை அந்த மாடலின் மேனுவலில் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, இந்த வண்டிகளில் பெட்ரோல் ஹோஸில் சுமார் 3 பார் அழுத்தம் நிற்கும், பழைய கார்புரேட்டர் வண்டியைப் போல ஹோஸைச் சட்டென்று உருவினால் சூடான என்ஜின் மேல் பீய்ச்சி அடிக்கும்.

துறையூர் காற்று

எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு டூல் கேட்டு ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார், மீட்டர் கை சார் சொன்னால் நன்றாக இருக்கும்.

மீட்டர் கை

வீட்டில் செய்யக்கூடியது பிரேக், டயர், சஸ்பென்ஷன், விளக்கு, அவ்வளவுதான். ஆறு முனை நட்சத்திர வடிவில் வரும் டார்க்ஸ் பிட் செட் ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கலாம், மற்றதெல்லாம் மேலே சொன்ன அதே டூல். 50 வோல்ட் அளவில் இருக்கும் பேட்டரி பேக்கையும் மோட்டார் கன்ட்ரோலரையும் திறக்க வேண்டாம். ஷார்ட் ஆனால் ஸ்பேனரே உருகும், அந்த பேக்குகளில் அவ்வளவு கரண்ட் இருக்கிறது.

ஈரோடு வாரக்கடைசி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்படி முடிவு செய்திருக்கிறேன்: 8, 10, 12 டி ஸ்பேனர், ஜே.ஐ.எஸ் திருப்புளி 2, 3, அடிக்கிற இம்பாக்ட் டிரைவர், 16 பிளக் சாக்கெட்டும் ஜாயின்ட்டும், மல்டிமீட்டர், காந்தக் கிண்ணம், லேத்தில் ஒரு ஹோல்டர். மிச்சம் இருப்பதை வைத்து அரை இன்ச் டார்க் ரெஞ்ச், பணம் பற்றவில்லை என்றால் அடுத்த மாதம். கிளட்ச் ஷூ செட்டைப் பிரித்து உள்ளே கிரீஸ் வைக்க ஏதாவது தனி டூல் வேண்டுமா?

சிங்காநல்லூர் பட்டறை

நல்ல தேர்வு. டார்க் ரெஞ்ச் வரும் வரைக்கும் பெல்ட் வேலையைத் தள்ளிப் போடுங்கள், ஒரு மாதத்தில் எதுவும் ஆகிவிடாது, பெல்ட்டில் வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் யாரிடமாவது கொடுத்து மாற்றிவிடுங்கள்.

கிளட்ச் செட்டைப் பிடித்திருக்கும் பெரிய, மெல்லிய நட்டுக்குப் பின்னால் பலமான ஸ்பிரிங் அமுங்கி இருக்கிறது. நட்டைக் கழற்றியதும் அது முகத்துக்கு வரும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் டூல் தனியாக விற்கிறது, தச்சு வேலைக்கு வைக்கும் பெரிய சி கிளாம்ப் ஒன்றிலும் செய்யலாம், செட்டைக் கிளாம்பில் பிடித்துக்கொண்டு நட்டை லூஸ் செய்து, பிறகு கிளாம்பை மெதுவாக விட வேண்டும். கிளாம்ப் இல்லாமல் முழங்காலில் அழுத்திச் செய்யலாம் என்று சிலர் வீடியோ போடுகிறார்கள், நீங்கள் செய்யாதீர்கள்.

பெல்ட் கேஸைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூளாக இருக்கும், அது பெல்ட் தூளும் கிளட்ச் லைனிங் தூளும். கம்ப்ரஸர் காற்று அடித்துப் பறக்கவிடாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், பிரேக் டிரம்முக்கும் அப்படித்தான். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒன்று விட்டுப் போயிருக்கிறது, மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள், ஊசி வேண்டாம். அதன் முனையில் சின்ன ஹோஸ் துண்டு செருகினால் பின் கியர் ஆயிலை அளந்து ஊற்றலாம். ஆக்டிவாவில் வடித்து மாற்றும்போது கொஞ்சம்தான் போகும், இரண்டு மூன்று சிரிஞ்ச். புனல் வைத்து ஊற்ற அங்கே இடம் இல்லை, பாட்டிலைச் சாய்த்தால் பாதி பின் டயரில்தான் போகும். இரண்டு வண்டிக்கும் சரியான அளவை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் ஊற்றும் துளை போல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் வடிக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள், மேல் போல்ட் பிடித்துக்கொண்டால் வடித்த ஆயிலுக்குப் பதில் ஊற்ற வழி இருக்காது. இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷர் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.